பாலிஷ் ஒட்டுகிறதா, வெளுக்கிறதா, உரிகிறதா? அறிகுறியைப் பார்த்து மரப்பூச்சைச் சரிசெய்யும் வழி

சித்திரை வெயிலில் சேலத்தில் ஒரு டின் வார்னிஷைப் பிரித்தால், பிரஷை இழுத்து முடிப்பதற்குள் அது இறுகத் தொடங்கிவிடும். மீதியை ஐப்பசியில் ஏற்காட்டுக்கு எடுத்துப்போய்ப் பூசினால் மறுநாள் காலையிலும் கையில் ஒட்டும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வெப்பம் ஏழெட்டு டிகிரி இறங்கி, காற்றில் ஈரம் கூடிவிடுகிறது. பூச்சு அதற்குத்தான் கட்டுப்படுகிறது.

சொந்தக்காரர் வீட்டுக் கதவு, தெரிந்தவர் வீட்டு ஊஞ்சல், மலைமேல் இருப்பவர்களின் மேஜை நாற்காலி என்று சரிசெய்து கொடுத்ததில் திரும்பத் திரும்பப் பார்த்த கோளாறுகளை இங்கே எழுதுகிறேன். டின் மேல் பழி போடுவதற்கு முன்னால் மூன்றைப் பாருங்கள்: மரத்தில் உள்ள ஈரம், காற்றில் உள்ள ஈரம், இரண்டு கோட்டுக்கு நடுவே விட்ட நேரம். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

உங்கள் கோளாறு எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போகலாம். செலவில்லாத காரணம் முதலில், காசு பிடிக்கும் காரணம் பிறகு.

## எதையும் தொடும் முன்: அடியில் இருப்பது எந்தப் பூச்சு?

புது மரம் என்றால் இதைத் தாண்டிவிடலாம். பழைய சாமான் என்றால் இது தெரியாமல் மேலே போக வேண்டாம்.

மேஜையின் அடிப்பக்கம், கதவின் கீல் ஓரம் போல கண்ணில் படாத இடமாகப் பாருங்கள். பஞ்சில் பாலிஷ் ஸ்பிரிட்டைத் தொட்டு அரை நிமிடம் வைத்து எடுங்கள். இடம் பிசுபிசுத்து, பஞ்சில் பழுப்பு ஏறினால் அது அரக்கில் செய்த பிரெஞ்சு பாலிஷ். பழைய தேக்குப் பீரோக்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். ஸ்பிரிட்டுக்கு அசையவில்லையா, அடுத்து என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரைத் தொட்டு வையுங்கள். கரைந்தால் லேக்கர். கரையாமல் தோல் மட்டும் சுருங்கினால் எண்ணெய் வார்னிஷ் அல்லது எனாமல். இரண்டுக்கும் அசையாமல் இருந்தால் மெலமைன் அல்லது பி.யு. (பாலியூரித்தேன்). நகத்தால் சுரண்டும்போது வழுவழுவென்று சுருண்டு வந்தால் மேலே மெழுகு இருக்கிறது; அதை டர்பென்டைனில் துடைத்து எடுத்த பிறகே சோதனையைத் தொடருங்கள்.

பழைய பெயிண்ட் அடித்த கதவு ஜன்னலில் ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். உலர் உப்புத்தாள் போட்டுத் தூள் கிளப்ப வேண்டாம். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, வரும் சேற்றை ஈரத்துணியால் வழித்து எடுத்து, அந்தத் துணியைத் தனியாகக் கட்டிப் போட்டுவிடுங்கள். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ உள்ள வீடு என்றால் இந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். கதவைக் கழற்றி வெளியே கொடுத்து விடுங்கள்.

## ஒட்டுகிறது, காயவே மாட்டேன் என்கிறது

அடிக்கடி வரும் கோளாறு இதுதான். ஒரு சின்னச் சோதனை பாதி வேலையை முடித்துவிடும். பழைய கண்ணாடித் துண்டை நன்றாகத் துடைத்து, அதே டின்னிலிருந்து அதே பிரஷால் மெல்லிசாக ஒரு இழுப்பு இழுங்கள். மரத்துக்குப் பக்கத்திலேயே வைத்து மறுநாள் தொட்டுப் பாருங்கள்.

கண்ணாடியில் காய்ந்து, மரத்தில் மட்டும் ஒட்டினால் கோளாறு மரத்தில் அல்லது பூசிய கனத்தில்.

முதலில் நகத்தை அழுத்துங்கள். மேல் தோல் காய்ந்து அடியில் மெத்தென்று இருந்தால் கோட் கனமாகிவிட்டது. ஒரு வாரம் தொடாமல் விடுங்கள். மின்விசிறிக் காற்று போதும். அதற்குப் பிறகும் நகம் பதிந்தால் காத்திருந்து பயனில்லை. சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு மெல்லிய கோட்டாகப் பூசுங்கள்.

தேக்கும் ஈட்டியும் சொந்தமாகவே எண்ணெய் உள்ள மரங்கள். அந்த எண்ணெய் வார்னிஷைக் காயவிடாது. புதிதாக இழைத்த ஈட்டியில் இது இன்னும் மோசம். ஒட்டும் கோட்டைத் தின்னரில் துடைத்து எடுங்கள். பனியன் வேஸ்டில் தின்னர் நனைத்து மரத்தை மறுபடி துடையுங்கள்; துணியில் நிறம் ஏறுவது குறையும் வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். தின்னர் பறந்ததும், எண்ணெய் மறுபடி மேலே வருவதற்குள், அரை மணிக்குள் முதல் கோட் பூசிவிடுங்கள். அந்த முதல் கோட் மெழுகு நீக்கிய அரக்காக இருந்தால் மேலே எதைப் பூசினாலும் பிடிக்கும்.

கண்ணாடியிலும் காயவில்லை என்றால் கோளாறு காற்றில் அல்லது டின்னில். கண்ணாடித் துண்டை மட்டும் வெயில் வரும் அறைக்கு மாற்றி வையுங்கள். அங்கே காய்ந்தால் காரணம் ஈரக்காற்று. ஏற்காட்டில் இந்த நிலைக்கு மருந்து, பனி விலகிய பிறகு ஜன்னலைத் திறந்து, பிற்பகலில் பனி இறங்குவதற்கு முன் சாத்திவிடுவது. இராத்திரி திறந்து வைப்பது உதவாது.

அங்கேயும் காயவில்லையா? அரக்கு என்றால் எப்போது கரைத்தது என்று பாருங்கள். ஸ்பிரிட்டில் கரைத்து ஆறு மாதம் தாண்டிய அரக்கு இறுகுவது சந்தேகம். கரைத்த தேதியைப் பாட்டிலில் எழுதி வைப்பது நல்ல பழக்கம். இரண்டு டின் கலக்கும் பி.யு. என்றால் கலந்த விகிதம் தவறியிருக்கும். கண் அளவில் கலக்கக் கூடாத பொருள் அது. அளவுக் கோப்பை இல்லாமல் தொட வேண்டாம். விகிதம் தவறியது எத்தனை நாளானாலும் இறுகாது, முழுக்கச் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

ஆளி விதை எண்ணெய் என்றால் கடையில் கொடுத்தது பச்சை எண்ணெயா, 'டபுள் பாயில்டு' எண்ணெயா என்று பாருங்கள். பச்சை எண்ணெய் காய வாரக் கணக்கில் ஆகும். மேலே நிற்பதை டர்பென்டைன் துணியால் துடைத்து எடுத்துவிட்டுப் பொறுத்திருங்கள்.

துடைத்த துணியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஆளி விதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகிறது. துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், யாரும் தீ வைக்காமலேயே பற்றிக்கொள்ளும். பனியன் வேஸ்ட் குவியல் இதற்குத் தோதான பொருள். ஒவ்வொரு துணியையும் விரித்து, வீட்டுக்கு வெளியே, ஒன்றின் மேல் ஒன்று படாமல் கொடியில் போட்டு விறைப்பாகக் காய விடுங்கள். இல்லையென்றால் மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி முக்கி வையுங்கள். மரத்தூள் மூட்டைக்குப் பக்கத்தில் மட்டும் போட்டு விடாதீர்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: பி.யு.வை ஸ்பிரே அடிக்க வேண்டும் என்றால் உடனே. அதன் ஹார்டனரில் (பூச்சை இறுக வைக்கும் இரண்டாவது டின்) உள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பிடிக்கும். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. சரியான கார்ட்ரிட்ஜ் கவசமும் காற்று வெளியேறும் அறையும் உள்ள பாலிஷ்காரர் செய்ய வேண்டிய வேலை அது.

## பால் ஊற்றினது போல வெளுத்துவிட்டது

பூசின கொஞ்ச நேரத்திலேயே வெளுத்தால்

அரக்கிலும் லேக்கரிலும் ஸ்பிரிட்டும் தின்னரும் வேகமாகப் பறக்கும்போது மரத்தின் மேல்பரப்பு குளிர்ந்துவிடும். ஈரக்காற்றாக இருந்தால் அந்தக் குளிரில் நீர் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். காற்று 25 டிகிரியில் 90 சதவீத ஈரத்தோடு இருந்தால் 23 டிகிரிக்கே பனித்துளி கட்டிவிடும். வித்தியாசம் இரண்டே டிகிரி. பூச்சு வேலைக்குப் பனி கட்டும் வெப்பத்தைவிட மரம் மூன்று டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது தொழில்முறைக் கணக்கு.

ஈரமானி இல்லாத வீட்டில் அடுப்பங்கரை உப்பு ஜாடியைப் பாருங்கள். தூள் உப்பு 75 சதவீத ஈரத்தில் நீர்க்கத் தொடங்கும். கல் உப்பு அதற்கும் முன்னாலேயே கசியும். உப்பு கசிந்திருந்தால் அன்று அரக்கு டின்னைத் திறக்காதீர்கள். மலைமேல் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: அரக்கு, லேக்கர் வேலையை மாசி பங்குனிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளுத்ததை எப்படி எடுப்பது? முதலில் எதுவும் செய்யாதீர்கள். மறுநாள் நல்ல வெயில் அடித்தால் தானாகவே தெளிந்துவிடுவது உண்டு. தெளியவில்லை என்றால், அரக்காக இருந்தால் மெல்லிய பருத்தித் துணிக்குள் பஞ்சு வைத்துக் கட்டி, ஸ்பிரிட்டை ஒரு சொட்டு இரண்டு சொட்டு விட்டு, உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். கை நனையக் கூடாது, குளிர்ச்சி மட்டும் தெரிய வேண்டும். அந்தத் துணியை ரேகை ஓடும் திசையில் நிறுத்தாமல் ஒரே வீச்சாக ஓட்டி எடுங்கள். நடுவில் நிறுத்தினால் நின்ற இடம் கரைந்து தழும்பாகிவிடும். லேக்கர் என்றால் மெதுவாகப் பறக்கும் ரிடார்டர் தின்னரை லேசாக ஸ்பிரே அடிக்க வேண்டும். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, காய்ந்த நாளில் மறுபடி ஒரு கோட்.

காபி டம்ளர் வைத்த வட்டம் வெள்ளையாக நின்றால்

பிரெஞ்சு பாலிஷ் மேஜையில் சூடான டம்ளர் செய்யும் வேலை. ஈரம் பூச்சுக்குள்ளேதான் நிற்கிறது, மரம் வரை போகவில்லை. இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். பிறகு தலைமுடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். கை வைத்துப் பார்த்தால் இளஞ்சூடாக இருக்கலாம், சுடக் கூடாது. அதற்கும் போகவில்லை என்றால் மேலே சொன்ன ஸ்பிரிட் துணி. தேங்காய் எண்ணெய் தடவி ஓர் இரவு வைத்தால் மங்கும்தான். ஆனால் அந்த இடத்தில் மறுபடி பாலிஷ் போடப் போகிறீர்கள் என்றால் தடவாதீர்கள், குழி விழும். வட்டம் வெள்ளையாக இல்லாமல் கருப்பாக இருந்தால் தண்ணீர் மரத்தைத் தொட்டுவிட்டது. கீழே கரும்புள்ளித் தலைப்புக்குப் போங்கள்.

செதுக்கு வேலை நிறைந்த பழைய பீரோ, தொட்டில், பரம்பரைச் சாமான் என்றால் ஸ்பிரிட் துணியை முதன்முதலாக அதில் பழகாதீர்கள். கை தேர்ந்த பிரெஞ்சு பாலிஷ்காரரிடம் கொடுங்கள்.

## குழி குழியாக விலகி ஓடுகிறது

பூசினவுடன் பூச்சு அங்கங்கே வட்டமாக விலகி, நடுவில் மரம் தெரியும். அந்த இடத்தில் எண்ணெய், மெழுகு அல்லது சிலிக்கோன் இருக்கிறது என்று அர்த்தம். தலைக்கு எண்ணெய் வைத்த கையால் தொட்ட தடம்கூடப் போதும்.

நம் வீடுகளில் இதற்கென்றே ஓர் இடம் உண்டு: வாசக்கால். வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த கீழ்ப்பகுதி. வருஷக்கணக்கில் மஞ்சளும் விளக்கெண்ணெயும் ரேகைக்குள் இறங்கியிருக்கும். அங்கே அரக்கோ, ஸ்பிரிட்டில் கரைத்த நிறமோ பூசினால் இரண்டு கோளாறு ஒன்றாக வரும். எண்ணெயால் குழி விழும். மஞ்சள் ஸ்பிரிட்டில் கரையக்கூடியது என்பதால் பிரஷ் போகும் வழியெல்லாம் மஞ்சளாக இழுபடும். சோப்புத் தண்ணீரிலோ சோடாவிலோ கழுவினால் மஞ்சள் சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம், அது மஞ்சளின் குணம்.

செய்ய வேண்டியது: முதலில் டர்பென்டைனில் துடைத்து எண்ணெயை எடுங்கள். அடுத்து ஸ்பிரிட் நனைத்த துணியை மாற்றி மாற்றி ஒற்றி மஞ்சளை எடுங்கள். தேய்த்தால் பரவும், ஒற்றுங்கள். மிச்சம் நிற்கும் சாயம் வெயில் பட்டால் மங்கிவிடும், மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. கதவைத் திறந்து வைத்து வெயில் படும்படி சில நாள் விட்டுவிட்டு, 180 நம்பர் தாளில் தேய்த்துப் பூசுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமையே மஞ்சள் வைக்க வேண்டும் என்றால், அந்தக் கீழ்ப்பகுதிக்கு மட்டும் பி.யு. பூசி ஒரு வாரமாவது இறுகவிட்டு வையுங்கள். அதற்குப் பிறகு மஞ்சள் உள்ளே இறங்காது, துடைத்தால் வந்துவிடும்.

ஸ்பிரே டப்பாவில் வரும் பளபளப்புப் பொருளைத் துடைத்துத் துடைத்துப் பழகிய மேஜை என்றால் உள்ளே சிலிக்கோன் இருக்கலாம். டர்பென்டைனில் துடைத்து, மெழுகு நீக்கிய அரக்கு ஒரு கோட் தடுப்பாகப் பூசிவிட்டு மேலே போங்கள். அதற்கும் குழி விழுந்தால் மேலும் மேலும் பூசி நிரப்பப் பார்க்காதீர்கள். குழி நிரம்பாது, சுற்றிலும் மேடுதான் கூடும். அந்தக் கட்டத்தில் பாலிஷ்காரரை அழைத்துவிடலாம்.

## குமிழி நிற்கிறது

டின்னைக் குலுக்கினீர்களா? வார்னிஷைக் குலுக்கக் கூடாது. தட்டையான குச்சியால் அடியிலிருந்து மெதுவாகக் கிளற வேண்டும். பிரஷை டின் விளிம்பில் வழித்தாலும் குமிழி சேரும். உட்சுவரில் தட்டிவிட்டு எடுங்கள்.

இந்த இரண்டும் இல்லை என்றால் வெயில். மரத்தின் நுண்துளைக்குள் இருக்கும் காற்று சூடேறும்போது விரிந்து பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். கிழக்கு பார்த்த கதவுக்குக் காலையில் பூசினால் பத்து மணிக்குக் குமிழி நிச்சயம். மரம் சூடேறும் நேரத்தில் பூசாமல், சூடு இறங்கும் நேரத்தில் பூசுங்கள். சேலத்துக் கோடையில் அது மாலை ஐந்துக்கு மேல். கதவைக் கழற்றி நிழலில் படுக்க வைத்துப் பூசினால் இன்னும் நல்லது. நின்ற குமிழியை 320 நம்பர் தாளில் தேய்த்துச் சமன் செய்து, அடுத்த கோட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் தின்னர் சேர்த்து மெல்லிசாகப் பூசுங்கள்.

பிரஷ் கோடு அப்படியே நிற்பதற்கும் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி நிற்பதற்கும் இதுவே மருந்து. வெயிலில் தின்னர் சீக்கிரம் பறந்து, பூச்சு சமமாவதற்குள் இறுகிவிடுகிறது.

## தடவினால் நறநறக்கிறது

தடவிப் பாருங்கள். அங்கங்கே மணி மணியாக இருந்தால் தூசு. மரம் முழுக்க முள் முள்ளாக இருந்தால் ரேகை எழும்பியிருக்கிறது.

தூசு என்றால் 400 நம்பர் தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்து இன்னொரு கோட் (அரக்காக இருந்தால் நனைக்காமல் தேய்க்க வேண்டும்). வெள்ளைக்கல் சுரங்கம் இருக்கும் பக்கம் வீடு என்றால் காற்று வீசும் நாளில் வெளியே பூச வேண்டாம். பூசும் முன் தரையில் தண்ணீர் தெளித்து, விசிறியை நிறுத்தி, அரை மணி கழித்துத் தொடங்குங்கள். தேய்த்த அறையிலேயே பூசாமல் இருந்தால் இன்னும் நல்லது.

ரேகை எழும்புவது தண்ணீரில் கரையும் பூச்சில் முதல் கோட்டுக்கு வரக்கூடியதுதான். 320 நம்பர் தாளில் லேசாகத் தேய்த்தால் அடுத்த கோட்டில் வராது. இந்தப் பூச்சுக்கு இரும்பு நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. உடைந்த இழை உள்ளே நின்று துருப்புள்ளியாகும்.

## தோல் சுருங்கி மடிப்பு விழுகிறது

கனமாகப் பூசி வெயிலில் வைத்தால் மேல்தோல் மட்டும் முதலில் காய்ந்து சுருங்கும். அது ஒரு காரணம். இன்னொன்று, முழுதாக இறுகாத எண்ணெய் வார்னிஷ் மேல் காரமான தின்னர் உள்ள பி.யு.வையோ லேக்கரையோ பூசுவது. அடியில் இருப்பது கிளர்ந்து எழும்பிவிடும். டின்னில் 'மறுகோட் நேரம்' என்று போட்டிருப்பது இதற்காகத்தான். அது குளிர் இல்லாத, ஈரம் இல்லாத நாளுக்கான கணக்கு. மலைமேல் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். சுருங்கியதைத் தேய்த்துச் சமன் செய்ய முடியாது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

## உரிகிறது, செதில் செதிலாக வருகிறது

வாசல் கதவுக்கு வரும் வியாதி. உரிந்த செதில் ஒன்றை எடுத்துத் திருப்பி, வெளிச்சத்தில் பின்புறத்தைப் பாருங்கள். காரணம் அங்கே எழுதியிருக்கும்.

பின்புறம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் முந்தைய கோட்டைத் தேய்க்காமல் மேலே பூசியிருக்கிறது. நல்லதாகத் தெரியும் இடத்தையும் சோதியுங்கள்: பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டம் கீறி, செலோடேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டத்தோடு வந்தால் மொத்தமும் எடுக்க வேண்டும். வராவிட்டால் உரிந்த இடத்தை மட்டும் ஓரம் மழுங்கத் தேய்த்து, முழுவதையும் 320-ல் மங்கலாக்கி, இரண்டு கோட் பூசினால் போதும்.

பின்புறம் சாம்பல் நிறத்தில் மர இழை ஒட்டியிருந்தால் வெயில். தெளிவான பூச்சு வழியாகப் புற ஊதாக் கதிர் உள்ளே போய், பூச்சு பிடித்திருக்கும் மர இழையையே சிதைத்துவிடுகிறது. பூச்சு நன்றாகத்தான் இருக்கும், பிடித்திருந்த மரம் விட்டுவிடும். மேற்கு பார்த்த கதவில் கீழ்ப்பாதி முதலில் போவதும் இதனால்தான். மேல்பாதிக்கு சன்ஷேடு நிழல் உண்டு. சாம்பல் இழை முழுக்கப் போய் மரத்தின் சொந்த நிறம் தெரியும் வரை 80, 120, 180 நம்பர் தாள் என்று வரிசையாகத் தேய்த்தாக வேண்டும். உள்வேலைக்கான பாலிஷை வெளிக்கதவுக்குப் பூசாதீர்கள்; வெளிப்புறத்துக்கு என்று போட்ட, புற ஊதாத் தடுப்புள்ள பூச்சு, அதிலும் கொஞ்சம் நிறம் சேர்த்தது கூடுதல் நாள் நிற்கும். என் யோசனை வேறு. கடும் வெயில் கதவுக்குப் படலமாக நிற்கும் பூச்சே வேண்டாம். எண்ணெய் ஊட்டி, வருஷத்துக்கு ஒரு முறை மேலே இன்னொரு கோட் துடைத்துவிடுங்கள். பளபளப்புக் குறையும், ஆனால் உரிவதற்கு ஒன்றும் இருக்காது.

உரிந்த இடத்தில் மரம் கறுத்து, ஈரமாகத் தெரிந்தால் தண்ணீர் பின்னாலிருந்து ஏறுகிறது. தினமும் வாசல் தெளிக்கும் வீட்டில் வாசக்காலின் அடி எப்போதும் நனைந்தே இருக்கும். மரத்தின் வெட்டு முனை தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு அந்த இடத்தில் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்ளே முத்து முத்தாக நீர் கட்டினால் எந்தப் பூச்சும் நிற்காது. சில வாரம் காய விட்டு, வெட்டு முனைக்குத் தின்னர் கலந்த பூச்சை உறிஞ்சுவது நிற்கும் வரை திரும்பத் திரும்ப ஊட்டுங்கள். கதவின் மேல் விளிம்பும் அடி விளிம்பும் பூசாமல் விடப்பட்டிருக்கும், யாரும் பார்ப்பதில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டிப் பாருங்கள். இரண்டையும் பூசினால் மழைக்காலத்தில் கதவு இறுகுவதும் குறையும்.

பூச்சோடு மரமும் சேர்ந்து விரிசல் விட்டிருந்தால் மரம் சுருங்கியிருக்கிறது. காற்றில் 90 சதவீத ஈரம் இருக்கும் இடத்தில் மரம் தன் எடையில் 20 சதவீதம் வரை நீரை வைத்திருக்கும்; 65 சதவீதத்தில் அது 12-க்கு இறங்கும். காபித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக்கை மலைமேலேயே அறுத்து, அங்கேயே மேஜை செய்து, சேலத்துக்கு இறக்கினால் இந்த வித்தியாசம் முழுவதும் பலகையில் தெரியும். அதே மரத்தின் துண்டு ஒன்றைச் சமையல் தராசில் தினமும் எடை போடுங்கள். சாமான் இருக்கப் போகும் வீட்டிலேயே வைத்துப் போட வேண்டும். எடை இறங்குவது நின்ற பிறகே பூசுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: கதவின் மூட்டு விட்டிருந்தால், பலகை வளைந்திருந்தால், வெனீர் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு) உப்பியிருந்தால். இது பாலிஷ் வேலை இல்லை, ஆசாரி வேலை. முதலில் அவர் பார்க்கட்டும்.

## பூச்சுக்கு அடியில் கரும்புள்ளி

ஓர் ஓரத்தில் பூச்சை எடுத்து, துணி வெளுக்கும் பிளீச்சை ஒரு சொட்டு விடுங்கள். மறைந்தால் பூஞ்சணம், மலைமேல் மழைக்காலத்தில் சகஜம். பிளீச்சில் துடைத்து, நல்ல தண்ணீரில் துடைத்து, காய வைத்துப் பூசலாம். மறையவில்லை என்றால் இரும்புக் கறை: ஆணி, திருகு அல்லது இரும்பு நாரின் துருவும் மரத்தின் துவர்ப்பும் ஈரத்தில் சேர்ந்து கறுத்தது. இதற்கு ஆக்சாலிக் அமிலம். பிளாஸ்டிக் பாத்திரத்தில் வெந்நீரில் கரைத்து, பிரஷால் தடவி, வெளுத்ததும் பலமுறை தண்ணீரில் கழுவ வேண்டும். விஷம், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம், குழந்தை கைக்கு எட்டக் கூடாது. காய்ந்து நிற்கும் வெள்ளைப் பொடியைத் தேய்த்துத் தூளாக்காதீர்கள். பிளீச்சையும் இதையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கவும் கூடாது, விஷவாயு வரும். ஆணியைப் பிடுங்கிப் பித்தளையோ எவர்சில்வரோ போடாவிட்டால் கறை திரும்பி வரும்.

## நிறம் திட்டுத் திட்டாக ஏறுகிறது

மாமரம், ரப்பர் மரம், சில்வர் ஓக் மூன்றிலும் இது உண்டு. ஓர் இடம் நிறத்தைக் குடிக்கும், பக்கத்து இடம் குடிக்காது. நிறம் ஏற்றும் முன் நன்றாக நீர்த்த அரக்கு ஒரு கோட் பூசித் தேய்த்தால் அடங்கும். திட்டாக இல்லாமல் கோடு கோடாகத் தெரிந்தால், ரேகைக்குக் குறுக்கே தேய்த்த கீறல் அது. டார்ச்சைப் பலகையோடு படுக்க வைத்து அடித்துப் பாருங்கள், பளிச்சென்று தெரியும்.

வேங்கை மரத்தில் தண்ணீர்ப் பூச்சு போட்டால் மஞ்சள் சாயம் கசிந்து வெளியே வரும். அரக்கால் அடைத்த பிறகே மேலே போங்கள்.

## பூச்சில் சிறு துளை, கீழே மாவு கொட்டுகிறது

இதற்குப் பூச்சில் மருந்து இல்லை. உள்ளே வண்டுப்புழு இருக்கிறது. துளையைச் சுற்றி மாவைத் துடைத்து, அடியில் கருப்புக் காகிதம் விரித்து ஒரு வாரம் பாருங்கள். மாவு புதிதாகக் கொட்டாவிட்டால் வண்டு வெளியேறிவிட்டது. துளையை மெழுகால் அடைக்கலாம். கொட்டினால் புழு வேலை செய்கிறது. வைரம் பாய்ந்த பகுதியை அது பெரும்பாலும் தொடாது, மாச்சத்துள்ள வெள்ளைக் கட்டையைத்தான் தின்னும். ஆகவே துளைகள் எந்தப் பக்கம் என்று பார்த்தாலே சேதம் எவ்வளவு என்று கணிக்கலாம்.

ஒன்றிரண்டு துளை என்றால் மரப்புழு மருந்தை ஊசியில் செலுத்தலாம். பூச்சு உள்ள பரப்பில் தடவினால் மருந்து உள்ளே இறங்காது. பூச்சில்லாத அடிப்பக்கம், வெட்டு முனை வழியாக ஊட்டுங்கள். திருப்புளியால் குத்தினால் உள்ளே இறங்கும் அளவுக்கு மரம் உளுத்திருந்தாலோ, மாவுக்குப் பதில் மண் பூசிய தடம் தெரிந்தாலோ பிரஷைக் கீழே வைத்துவிடுங்கள். மண் தடம் என்றால் கரையான். அது தரையிலிருந்து வருவது; கதவை மட்டும் பார்த்துத் தீராது. பூச்சிக் கட்டுப்பாட்டு ஆள் வந்து வாசக்காலையும் சுவர் ஓரத்தையும் சேர்த்துப் பார்த்து முடித்த பிறகு பாலிஷ் வேலையைத் தொடங்குங்கள்.